முயல் பையோடு வரும் உம்மு குதைபா

வாசலில் ஸலாம் சொன்னவள் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. நேரே கழிப்பறைக்குப் போனாள், ஃப்ளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினாள், சமையலறை மேடையில் நான் மூடி வைத்திருந்த சிவப்புப் பூத் தேநீரை எடுத்து வந்து அரைக் கிளாஸ் அதில் ஊற்றிவிட்டாள். அது திங்கட்கிழமை, நான் நோன்பு வைக்கிற நாள். நோன்பு திறக்க வேண்டுமென்று ஆற வைத்திருந்த தேநீர் அது.

“பத்து நிமிஷம் யாரும் இதுல கையை வைக்காதீங்க” என்றாள்.

பத்து நிமிடம் கழித்துக் கீழே கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் சிவந்திருந்தது. தொட்டிக்குள் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டால் தண்ணீர் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்குமாம். கண்ணுக்குத் தெரியாதாம். சாயம் ஊற்றினால்தான் திருடன் அகப்படுவானாம்.

“பாத்தியா உம்மு ஷாஹிர்? ராத்திரி பகலா உன் தண்ணி சாக்கடைக்குப் போயிட்டிருக்கு. நீ என்னடான்னா ஒளு செய்யறப்ப சொட்டு சொட்டா எண்ணிக்கிட்டு நிக்கற!”

எனக்குச் சுருக்கென்றது. ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்பது எங்கள் மார்க்கம். அதை அவள் என் கழிப்பறையில் நின்றுகொண்டு நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அதுவும் நான் அவளைக் கூப்பிட்டது வேறொரு வேலைக்கு, சமையலறைக் குழாய் மூக்கில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டதற்கு. அதைக் கழற்றி ஒரு பழைய பால்குப்பியில் காடியை ஊற்றி ஊறப் போட்டுவிட்டு, “இதுக்கு நான் வேணுமா? மாசம் ஒரு தடவை இதை நீயே செஞ்சா உன் கை தேஞ்சு போயிடுமா?” என்று இன்னொரு சுற்றுத் திட்டினாள்.

பெயர் ரஸ்மிய்யா. மூத்தவன் குதைபா பிறந்த நாளிலிருந்து எல்லோருக்கும் உம்மு குதைபா, குதைபாவின் அம்மா. ஐம்பதைத் தொட இரண்டு மூன்று வருடம் இருக்கும். குட்டை உருவம், அகலமான உள்ளங்கை. கறுப்பு அங்கியின் கைகளை முழங்கைக்கு மேலே ஏற்றி இரண்டு ரப்பர் பேண்டால் நிறுத்தியிருப்பாள். உட்காரும்போது “யா ரப்பீ” என்பாள், எழும்போது முழங்காலைத் திட்டுவாள். சாமான்கள் எல்லாம் சக்கரம் வைத்த ஒரு பள்ளிக்கூடப் பையில் இருக்கும். கடைசி மகள் படித்து முடித்துவிட்டுக் கழித்துப் போட்டது. இளஞ்சிவப்பு. மேலே ஒரு முயல் படம், அதற்கு ஒரு காது உரிந்து போய்விட்டது. ஜோர்டானின் ஸர்காவில் எங்கள் பகுதிப் படிகளில் டக், டக், டக் என்று அந்தச் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டாலே, எந்த வீட்டிலோ தண்ணீர் ஒழுகுகிறது என்று பெண்களுக்குத் தெரியும். ஆண்களுக்குத் தெரியாது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவள் கணவன் சவூதியில் வேலை பார்த்த காலம். மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். ஒரு நாள் காலை, கழிப்பறையில் கழுவிக்கொள்கிற ஹோஸ் வெடித்துவிட்டது. முதல் நாள் இரவு அதன் வால்வை மூடாமல் நுனியில் இருக்கும் பொத்தானை மட்டும் விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், அந்த மெல்லிய குழாய் ராத்திரி முழுவதும் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. பிளம்பருக்கு ஆள் அனுப்பினாள். அந்த மனிதர் வந்தார். நல்ல மனிதர், பயபக்தியுள்ளவர், அதனாலேயே வாசற்படியில் நின்றுவிட்டார். வீட்டில் ஆண் துணை இல்லாமல் எப்படி உள்ளே வருவது? அண்ணன் வரட்டும் என்றார். அண்ணன் அம்மானில். அவர் வாசலில் நின்றபடி, “வால்வு சுவர்ல இருக்கும் பாருங்க தங்கச்சி, வலது பக்கமா திருகுங்க” என்று கத்த, இவள் உள்ளே முழங்கால் தண்ணீரில் நின்று, “எந்த வால்வு? எந்தச் சுவர்?” என்று கத்த, மூன்று மணி நேரம். கீழ் வீட்டுக்காரர்களின் மெத்தை, பாய், அரிசி மூட்டை எல்லாம் போயிற்று.

“அன்னிக்கு நான் அழுதது தண்ணிக்காக இல்ல” என்று ஒரு முறை சொன்னாள். “வலது பக்கம் எதுன்னு தெரியாம நின்னேன் பாரு, அதுக்கு.”

பிறகு பெண்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சியில் சேர்ந்தாள். ஆறு மாதம். இப்போது பதினோரு வருடமாகிறது.

எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் தண்ணீர் முறை. அன்று மொட்டைமாடித் தொட்டியில் ஏறுவதுதான் அடுத்த செவ்வாய் வரைக்கும். அதனால் ஒழுகல் என்பது எங்களுக்கு எரிச்சல் மட்டுமல்ல, பசி மாதிரி. ஆண்கள் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு ஒழுக ஆரம்பித்தால் மாலை வரை சட்டியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு உம்மு குதைபா கிடைத்தது அல்லாஹ்வின் அருள், ரஹ்மத். ஆனால் அந்த ரஹ்மத்தை நாங்கள் ஒளித்து வைத்தோம். ஏனென்றால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆண் இருக்கிறார், அவர் கையில் ஒரு டேப் சுருள் இருக்கிறது. வேலை விட்டு வந்து, குழாயைச் சுற்றி அதை நாற்பது சுற்றுச் சுற்றிவிட்டு, “முடிஞ்சுது” என்று கையைத் தட்டிக்கொள்வார். மறுநாள் பத்து மணிக்கு முயல் பை வரும். உம்மு குதைபா அந்த நாற்பது சுற்றையும் உரித்துப் போட்டு, வாஷரை மாற்றி, நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்னால் இறங்கிப் போய்விடுவாள். மாலையில் அவர் வந்து குழாயைத் தட்டிப் பார்த்து, “பாத்தியா, ஒரு சொட்டு இல்ல” என்பார். நாங்கள், “மாஷா அல்லாஹ்” என்போம்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். சிங்குக்கு அடியில் தான் அப்பி வைத்த புட்டிப் பசைதான் ஐந்து வருடமாகத் தாங்குகிறது என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

உம்மு குதைபாவுக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். “நீங்கதான்டி அவங்களைக் கெடுக்கறீங்க. தன் வைத்தியம் பலிச்சுதுன்னு நெனைக்கிறவன் அடுத்த தடவை சும்மா இருப்பானா? பெரிய ஸ்பானரா எடுத்துட்டு வருவான்.”

ஆண்களை விட்டால் அடுத்து எங்கள் சமையல். ஆட்டுக்கறிச் சோறான மன்ஸஃப் சாப்பிட்ட தாம்பாளத்தைச் சுடுதண்ணீர் ஊற்றிச் சிங்கில் கழுவுகிறவளைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “சூடா இருக்கிறப்ப நெய். குழாய்க்குள்ள போனா மெழுகுவத்தி.” ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த வாரம், மூன்றாம் மாடி வீட்டுச் சிங்கிலிருந்து முழங்கை நீளத்துக்கு வெள்ளையாக ஒன்றை உருவியெடுத்தாள். ஆட்டுக் கொழுப்பும் சோறும் இறுகிக் கிடந்தது. அதைக் கழுவி, நல்ல பீங்கான் தட்டு ஒன்றில் வைத்து, வீட்டுப் பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு, “இந்தாங்க, உங்க பெருநாள்” என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ரொட்டித் துண்டால் கொழுப்பைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவு, காப்பி வண்டலைச் செடிக்குப் போடு, அரிசி அடைத்துச் சமைக்கிற சுரைக்காயின் உள் சதையைச் சிங்கில் தள்ளாதே, தண்ணீர் நின்றிருக்கும்போது திறந்து பார்த்த குழாயை மூடிவிட்டு வெளியே போ. எந்த வீட்டுக்குப் போனாலும் இந்த நாலு பாட்டு உண்டு. எல்லாவற்றுக்கும் பல்லவி ஒன்றுதான்: “கையை எடு.” குழாயை இறுக்கப் போகிறவளிடம், ரப்பர் பம்பை எடுத்துக் குத்தப் போகிறவளிடம், அவள் திறந்து வைத்திருக்கும் மூட்டில் விரலை விட்டுப் பார்க்கிற குழந்தையிடம், எல்லோரிடமும். “கையை எடு!”

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. விடியற்காலை ஸுப்ஹு தொழுதுவிட்டு ஓதிக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு இன்ஸாஃப் கதவைத் தட்டவில்லை, அடித்தாள்.

“அக்கா, சுவர் நனையுது அக்கா. விருந்தாளிங்க அறைச் சுவர்!”

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் மகள் மைஸாவுக்கு ஜாஹா. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நாற்பது பேர் ஒரு பெரியவரை முன்னால் வைத்துக்கொண்டு பெண் கேட்டு வருகிறார்கள். அது ஒரு முறை முறிந்து ஒட்டிய சம்பந்தம். முதல் தடவை வந்து பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையின் பெரியப்பா, “ஒழுகற வீட்டுலயா பொண்ணு எடுக்கறீங்க?” என்று சொன்னது தெரு முழுக்கச் சுற்றியது. அன்று கூரையில் ஒரு சின்னக் கறைதான் இருந்தது. ஒன்பது மாதம் மைஸா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கூரையைச் சரிசெய்து, அறைக்குப் பாலேட்டு நிறம் அடித்து, மெத்தைகளுக்கு உறை மாற்றி எல்லாம் தயார். மேலே போய்ப் பார்த்தேன். பெரியவர்கள் சாய்ந்து உட்காரும் இடத்துக்கு நேர் மேலே, தாம்பாளம் அளவுக்குச் சுவர் கறுத்துப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. முந்தின இரவு இன்ஸாஃபின் கணவர் அபூ ஹைஸம், சிங்குக் குழாய் சொட்டுகிறதே, விருந்தாளிகள் காதில் விழுந்தால் மானம் போகுமே என்று, தன் லாரியில் வைத்திருக்கும் ரென்ச்சை எடுத்து வந்து இறுக்கியிருக்கிறார். சொட்டுவது நின்றுவிட்டதாம். காய்கறி லோடு ஏற்ற விடியற்காலையிலேயே சந்தோஷமாகக் கிளம்பிப் போய்விட்டார்.

உம்மு குதைபாவுக்குப் போன் போட்டோம்.

“மொட்டைமாடிக்குப் போயி உங்க வால்வை மூடுங்க. நான் வரேன்.”

“எந்த வால்வு அக்கா?” என்றாள் இன்ஸாஃப்.

“பன்னெண்டு வருஷமா அந்த வீட்டுல இருக்க. உன் வால்வு எதுன்னு தெரியாது. நல்லாயிரு.”

எங்கள் மொட்டைமாடியில் ஆறு வீட்டுக்குப் பன்னிரண்டு தொட்டி. குழாய்கள் கொடி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். அவள் வந்து ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தாள். மூன்றாவதை மூடியதும் கீழேயிருந்து ஒரு ஆண் குரல் வந்தது, “யாருடா அது? தலையில சோப்பு இருக்கு!” ஐந்தாவதுதான் இன்ஸாஃபுடையது. தன் தலைத்துணியின் ஓரத்தைக் கிழித்து அந்த வால்வில் முடிச்சுப் போட்டாள். “இதை அவுத்தா உன்னை அவுத்துடுவேன்.”

சமையலறைக்கு வந்து குழாயைத் தொட்டுப் பார்த்தாள். அது தொட்ட பக்கமெல்லாம் ஆடியது.

“எவ்ளோ பெரிய ரென்ச்?”

இன்ஸாஃப் தோளிலிருந்து மணிக்கட்டு வரை காட்டினாள்.

“சொட்டினது ஏன்? உள்ள வாஷர் தேஞ்சு போச்சு. சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர். அதை மாத்தாம இறுக்கு இறுக்குன்னு இறுக்கினா சுவருக்குள்ள இருக்கிற இரும்பு மூட்டு என்னத்துக்கு ஆகும்? சளி புடிச்சவன் மூக்கு ஒழுகுதுன்னு கழுத்தையா நெரிப்பாங்க?”

சுவரை உடைக்காமல் முடியாது என்றாள். இன்ஸாஃப் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அவர் லுஹருக்கே வந்துடுவார் அக்கா. நாற்காலி எடுத்துட்டு வரார். உங்களைப் பாத்துட்டார்னா?”

“வந்தா வரட்டும். தொறந்த சுவரை விட்டுட்டு ஓட முடியுமா?”

டைல் ஒன்றை ஓரம் சிதறாமல் கழற்றியெடுத்தாள். உளியும் சுத்தியும் தாளம் போட்டன. நான் தூசியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயிருந்து துரு ஏறிய ஒரு முழங்கைக் குழாய் தெரிந்தது. அதன் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அப்போது கதவு திறந்தது.

அபூ ஹைஸம் இரண்டு கையிலும் மடக்கு நாற்காலிகளோடு நின்றார். தூசி, உடைந்த சுவர், உளி பிடித்த பெண், எல்லாவற்றையும் பார்த்தார்.

“என் வீட்டுச் சுவரை யார் ஒடைக்கச் சொன்னது?”

“நீங்கதான் அண்ணே. நேத்தே உள்ளால ஒடைச்சிட்டீங்க. நான் வெளியால தெறந்து காட்டறேன், அவ்ளோதான்.”

“தங்கச்சி, நாளைக்கு நாப்பது பேர் வராங்க! அதை மூடு. புட்டி வச்சு மூடிடு. ஜாஹா முடியட்டும், சனிக்கிழமை நானே பாத்துக்கறேன். ரமலான்ல குளியலறைக் குழாயைச் சரி பண்ணது யாரு? நான்தானே? இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு விழுந்திருக்கா? இவளைக் கேளு!”

இன்ஸாஃப் தரையைப் பார்த்தாள். நான் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தேன். அந்த ரமலானில் அவர் சுற்றிய டேப்பை மறுநாள் காலை உரித்தெடுத்தபோது அது ஒரு பூனைக்குட்டி அளவுக்கு இருந்ததை மூன்று பேரும் பார்த்திருக்கிறோம். உம்மு குதைபாவின் நாக்கு எனக்குத் தெரியும். யா அல்லாஹ், இந்த ஒரு நிமிடம் அதைக் கட்டிப் போடு என்று வேண்டிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தாள். இன்ஸாஃபைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

“நல்லா பண்ணியிருக்கீங்க அண்ணே” என்றாள்.

பதினோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இந்தச் சங்கடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மைஸா காப்பி போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். யார் வந்தாலும் காப்பி என்று பழகின கை. உம்மு குதைபா கோப்பையை எடுத்தாள். குடிக்கவில்லை. தன் முழங்காலுக்கு முன்னால், சுண்ணாம்புத் தூசி படிந்த தரையில் அதை வைத்தாள். வைத்துவிட்டு அபூ ஹைஸமைப் பார்த்தாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். நான் ஒன்று கேட்டு வந்திருக்கிறேன், அது கிடைக்கும்வரை உங்கள் வீட்டுக் காப்பி என் தொண்டையில் இறங்காது. ஆண்கள் சபையில், பெண் கேட்கும்போது, கொலைப் பகை தீர்க்கும்போது செய்வது. சமையலறைத் தரையில் உளியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் செய்து நான் பார்த்ததில்லை. அபூ ஹைஸமும் பார்த்திருக்க மாட்டார். சிரிக்கலாமா, கோபப்படலாமா என்று அவர் முகம் இரண்டு பக்கமும் போய் வந்தது. ஆனால் கோப்பை அங்கே இருக்கிறது, ஆவி பறக்கிறது. நாளைக்கு இதே வீட்டில் இன்னொரு கோப்பை இப்படி வைக்கப்படப் போகிறது. குடிக்காத காப்பியோடு ஒரு ஆளை அனுப்பிய வீடு என்ற பெயர் இன்றைக்கா வர வேண்டும்?

“குடிம்மா” என்றார். வார்த்தை தானாக வந்துவிட்டது. “நீ கேட்டது உனக்கு.”

“கேக்கறதுக்கு முன்னாலயே குடுத்துட்டீங்க. உம்மு ஷாஹிர் சாட்சி. சுவர் இன்னிக்கே முடியும், அது என் பொறுப்பு. எனக்கு அந்த ரென்ச் வேணும்.”

“என்னது?”

“லாரி ரென்ச். இனிமே இந்த வீட்டுக் குழாய்ல உங்க கை படக்கூடாது. சொட்டினா எனக்குப் போன் போடுங்க. இன்ஸாஃப் இல்ல. நீங்க போடுங்க.”

“லாரிக்கு நான் என்ன பண்ணுவேன்?”

“லாரிக்கு வேணும்னா லாரியோட என் வீட்டுக்கு வாங்க. லாரியைப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்.”

மைஸா தலைத்துணியை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அபூ ஹைஸம் நாற்காலிகளைக் கீழே வைத்தார், படி இறங்கினார், ரென்ச்சோடு ஏறி வந்தார். அதை அவர் கொடுத்த விதத்தைப் பார்த்தால் துப்பாக்கியை ஒப்படைக்கிற மாதிரி இருந்தது. முயல் பையில் அது அடங்கவில்லை. கைப்பிடி பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உம்மு குதைபா கோப்பையை எடுத்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். மைஸா கோப்பையை வாங்கிக்கொண்டு சிங்குப் பக்கம் திரும்பியதும், “கையை எடு! வண்டலைச் செடிக்குப் போடு!” என்று கத்தினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் அவளாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே அபூ ஹைஸம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பழைய மூட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். அவர் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது மூட்டின் மரையில் டேப்பை ஏழெட்டுச் சுற்று மட்டும் சுற்றினாள், கை போகும்வரை கையாலேயே திருகினாள், கடைசிச் சுற்றுக்கு மட்டும் சின்ன ஸ்பானரை எடுத்தாள். “கை நின்ன இடத்துலேர்ந்து ஒரு சுத்துப் போதும் அண்ணே. அதுக்கு மேல திருகறது கோபம்.” மொட்டைமாடி வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னாள். தண்ணீர் வந்தது. காதைச் சுவரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லுஹர் பாங்கு சொன்னபோது நான் தொழுதுவிட்டு வந்தேன். அவளும் தொழுதுவிட்டு வந்து மறுபடி காதை வைத்தாள். பிறகுதான் பிளாஸ்டர் பூசினாள். டைலை வைக்கவில்லை. “சுவர் வேர்க்குதான்னு பாக்கணும். அடுத்த வாரம் வைக்கலாம்.”

தொட்டியில் பாதிதான் மிச்சமிருந்தது. நாற்பது பேர் மன்ஸஃப் சாப்பிட்டுக் கை கழுவ வேண்டும். எங்கள் தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. விருந்தாளிகள் அறைச் சுவரின் கறையை என்ன செய்வது? அபூ ஹைஸம் பெயிண்ட் டப்பாவைத் தேடினார். “ஈரத்து மேல அடிச்சா நாளைக்குப் பெரியவர் தலையில உரிஞ்சு விழும்” என்றாள் அவள். கடைசியில் ஆயத்துல் குர்ஸி எழுதிய பெரிய சட்டத்தைக் கூடத்திலிருந்து கழற்றி வந்து கறையின் மேல் மாட்டினார்கள். இறைவசனத்தை வைத்து ஈரத்தை மறைப்பது எனக்கு என்னவோபோல் இருந்தது. பிறகு, காப்பதற்குத்தானே அந்த வசனம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

“நாளைக்கு வருவீங்கள்ல அக்கா, விருந்துக்கு?” என்றாள் இன்ஸாஃப்.

“சுவரைப் பாக்க வரேன்.”

வெள்ளிக்கிழமை அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மார்பெல்லாம் சிவப்பு நூல் வேலை செய்த நல்ல அங்கி, கண்ணில் சுர்மா, கையில் பை இல்லை. வந்தவர்கள் அறையில் அமர்ந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, வேறு எத்தனையோ இடம் இருக்க, சரியாக அந்தச் சட்டத்துக்குக் கீழே சாய்ந்து உட்கார்ந்தார். கதவிடுக்கில் பார்த்த இன்ஸாஃப் என்னை இழுத்துக் காட்டினாள். ஜாஹாவுக்கு முன்னால் வந்த பெரியவர் பேச ஆரம்பித்தார். பெண்கள் பதினோரு பேர் சமையலறையில் நெருக்கிக்கொண்டு, எல்லோரும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

“என்ன சொல்றார்?”

“ஹம்து ஸலவாத்து சொல்லி இப்பத்தான் ஆரம்பிக்கறார். சும்மா இரு.”

“கோப்பையை வச்சுட்டாரா?”

“வச்சுட்டார், வச்சுட்டார்.”

உம்மு குதைபா எங்களை விலக்கிக்கொண்டு சிங்குப் பக்கம் வந்தாள். புது அங்கியோடு ஈரத் தரையில் முழங்காலிட்டு, பூசிய இடத்துக்குக் கீழே காதை ஒட்டவைத்தாள். இன்ஸாஃபின் நாத்தனார் அவள் தோளைத் தட்டி, “அங்க ஒண்ணும் கேக்காதுக்கா, மேல வாங்க” என்றாள்.

“கேக்காம இருக்கணும்னுதான்” என்றாள் அவள்.

உள்ளே யாரோ இருமினார்கள். பிறகு அபூ ஹைஸமின் குரல், கொஞ்சம் கரகரத்து வந்தது: “உங்க காப்பியைக் குடிங்க. நீங்க கேட்டது உங்களுக்கு.”

சமையலறை குலவையில் அதிர்ந்தது. சம்பந்தம் உறுதியான அடையாளமாக உள்ளே ஃபாத்திஹா ஓதினார்கள். மைஸாவை யாரோ கட்டிப்பிடித்தார்கள், இன்ஸாஃப் என் தோளில் விழுந்து அழுதாள். உம்மு குதைபா மட்டும் இன்னும் எழுந்திருக்கவில்லை. வலது உள்ளங்கையை விரித்து அந்தப் பூச்சின் மேல் வைத்து, ஃபாத்திஹா முடியும்வரை அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்து எங்களிடம் வந்தாள். ஈரமே படாத அந்த உள்ளங்கையை இன்ஸாஃபின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, அதே கையால் அவள் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.